சந்தோஷம் வரவா, செலவா?

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு எங்கள் தெருமுனையில் ஒரு பழைய ஆர்எக்ஸ் 100 உறுமும். செங்கல்பட்டில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கும் ஒருவருடைய வண்டி. வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர் வண்டியோடு மல்லுக்கட்டும் மனிதர், ஏழாம் நாள் தன் வண்டியை எடுத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போவார். கடலைப் பார்த்தபடி ஒரு டீ. அவ்வளவுதான், திரும்பிவிடுவார். போக வர சுமார் அறுபது கிலோமீட்டர்.

"எதுக்கு இவ்வளவு தூரம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சும்மா சார்."

இந்த 'சும்மா'வைப் பற்றித்தான் இந்த வாரம்.

அவர் ஒரு காலத்தில் பந்தய வீரர். இருபத்து நாலு, இருபத்தைந்து வயதில் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டியவர். இரண்டு சீசன். ஒன்றிரண்டு கோப்பைகள் கடையில் கிரீஸ் டப்பாக்களுக்குப் பின்னால் இன்னமும் இருக்கின்றன. ஏன் விட்டீர்கள் என்றதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்.

"முதல்ல வண்டி ஓட்டினாலே சிரிப்பு வரும் சார். அப்புறம் ஜெயிச்சாத்தான் சிரிப்பு வந்துது. கடைசியில ஜெயிச்சாக்கூட 'அப்பாடா'ன்னுதான் இருந்துது. சிரிப்பு வரலை."

விளையாட்டு உளவியலில் பட்டம் வாங்கியவர்கள்கூட இதை இத்தனை சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். சிரிப்பு, 'அப்பாடா'வாக மாறும் இடம். அந்த இடத்தில்தான் விளையாட்டு உத்தியோகம் ஆகிறது.

மோட்டார் பந்தயத்தைப் பற்றிப் பேச செங்கல்பட்டுக்காரனுக்கு என்ன யோக்கியதை என்று கேட்காதீர்கள். நிறையவே இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த சோழவரம், பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த ஊர். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், பிற்பாடு முறையான டிராக் கட்டிய இருங்காட்டுக்கோட்டையும் அதே பழைய மாவட்டம்தான். ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர் சொச்சம். இன்றைக்கு ஒன்று திருவள்ளூர் மாவட்டத்திலும் இன்னொன்று காஞ்சிபுரம் மாவட்டத்திலும் இருக்கின்றன. மாவட்டங்களைப் பிரித்தார்கள், பெட்ரோல் வாசனையைப் பிரிக்க முடியவில்லை.

நம்ம மெக்கானிக்குக்கு என்ன ஆயிற்று? பணம்தான். டயர், என்ட்ரி ஃபீஸ், லெதர் சூட், விழுந்தால் உடைகிற பாகங்கள் என்று எல்லாவற்றுக்கும் காசு. இரண்டாவது சீசனுக்கு அவருடைய அக்கா தன் வளையல்களைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார். அடகுக் கடைக்குப் போயின.

"ஒவ்வொரு திருப்பத்துலயும் அக்கா வளையல்தான் சார் ஞாபகம் வரும்" என்றார்.

இது வெறும் மனசு சமாச்சாரம் இல்லை. கைக்கும் சம்பந்தப்பட்டது. பைக்கை வேகமாக ஓட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஹேண்டில்பாரைக் கெட்டியாகப் பிடிக்காதே என்பார்கள். வண்டி தன்னைத் தானே நேர்ப்படுத்திக்கொள்ளும் குணம் உள்ளது. முன்சக்கரம் லேசாக ஆடி, அதுவே அடங்கும். இறுக்கிப் பிடித்தால் அந்தச் சின்ன ஆட்டத்தை நாமே பெரிசாக்கிவிடுவோம். முன்னங்கைத் தசை கல்லாகி, பிரேக் பிடிக்கும் விரலுக்கு நிதானம் போய்விடும். இன்னொன்று, கண் எங்கே போகிறதோ வண்டி அங்கே போகும். மணல் குவியலைப் பார்த்துப் பயந்தால் மணலுக்குள்ளேதான் இறங்குவீர்கள். ஆக, தோற்கக் கூடாது என்ற பயத்தோடு ஓட்டுகிறவன் தோற்பதற்கு வேண்டிய எல்லா வேலையையும் ஒழுங்காகச் செய்துவிடுகிறான்.

காசில்லாத மெக்கானிக்கை விடுங்கள். எல்லாம் கிடைத்தவர் கதையைப் பார்ப்போம்.

ஆஸ்திரேலியாவின் கேஸி ஸ்டோனர் நான்கு வயதில் முதல் போட்டியில் ஓட்டினார். அவர் நாட்டில் சாலைப் பந்தயம் ஓட்டப் பதினாறு வயது ஆகவேண்டும் என்பதால், பையனுக்குப் பதினாலு வயதானதும் அவனுக்காகக் குடும்பம் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தது. மோட்டோ ஜிபி என்கிற உச்சப் பந்தயத்தில் 2007-ல் டுகாட்டியிலும் 2011-ல் ஹோண்டாவிலும் உலக சாம்பியன். அடுத்த வருஷம் மே மாதம், பிரான்ஸில், பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு இந்த சீசனோடு சரி என்று சொல்லிவிட்டார். பழைய ஆசை போய்விட்டது என்பதுதான் காரணம். அந்த அக்டோபரில் சொந்த நாட்டு பிலிப் ஐலண்டில் தொடர்ந்து ஆறாவது முறையாக ஜெயித்தார். வயது 27. போயே போய்விட்டார்.

கை நடுங்கியோ, தோற்றோ போகவில்லை என்பதைக் கவனியுங்கள். பல வருஷம் கழித்துத்தான் ஒரு பேட்டியில் மனம் திறந்தார். பந்தய நாள் காலைகளில் தன் மோட்டார்ஹோம் தரையில் சுருண்டு கிடப்பாராம். வயிற்றைப் புரட்டும், ஓட்டவே பிடிக்காது. வார இறுதி எவ்வளவுக்கெவ்வளவு நன்றாகப் போகிறதோ, அவ்வளவுக்கவ்வளவு மோசமாக இருக்குமாம். டிவியில் நாம் பார்த்த ஸ்டோனர் பின்சக்கரத்தை வழுக்கவிட்டு திருப்பங்களில் ஓவியம் போட்டுக்கொண்டிருந்தார். ஓவியருக்கு உள்ளே ஒருவர் எப்போது முடியும் என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

அக்கா வளையல் அவருக்கும் இருந்தது. சைஸ்தான் வேறு. ஒரு கம்பெனி, ஒரு டீம், ஒரு தேசம்.

'பிரஷர் இல்லாமல் வைரம் வருமா சார்?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. வாலன்டினோ ரோஸி ஒன்பது உலகப் பட்டங்கள் வாங்கி, 42 வயது வரை ஓட்டினார். ஜெயித்த பிறகு அவர் செய்த கோமாளித்தனங்களைப் பார்க்கவே தனிக் கூட்டம். அவருக்கு மட்டும் அழுத்தம் இல்லையா? எதிரில் சரிசமமான ஆள் இல்லாத சீட்டாட்டமே நமக்கு போரடிக்கும்போது, பந்தயத்தில் போட்டி வேண்டாம் என்று சொன்னால் அது அசட்டுத்தனம்.

என் புகார் போட்டி மேல் இல்லை. யாருடைய கணக்கில் ஓட்டுகிறோம் என்பதில்தான்.

1973-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். கலர் பேனாவால் படம் வரைவதில் ஆசையுள்ள நர்சரிக் குழந்தைகள். ஒரு பிரிவிடம், வரைந்தால் ரிப்பன் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்கு, சொல்லாமல் வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு ஒன்றுமே இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து எல்லோர் முன்னாலும் சும்மா பேனாக்களை வைத்தபோது, முன்கூட்டியே பரிசு பேசப்பட்ட குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் கிட்டத்தட்டப் பாதிதான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கிய பிரிவுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆக, பரிசு கெடுதல் செய்யவில்லை. பரிசுக்காக என்று பேசி முடித்ததுதான் கெடுத்தது.

நான் பி.காம். படித்தவன். எங்களுக்கு இது குட்வில் பாடம். தமிழ்ப் புத்தகத்தில் நற்பெயர் என்று போட்டிருக்கும். நாற்பது வருஷமாக நீங்கள் ஒரு மெஸ் நடத்துகிறீர்கள், சாம்பாருக்காகவே கூட்டம் வருகிறது என்று வையுங்கள். அந்தப் பெயருக்கு உங்கள் கணக்குப் புத்தகத்தில் என்ன மதிப்பு? சைபர். தானாகச் சம்பாதித்த குட்வில்லைச் சொத்தாக எழுதக் கூடாது என்பது விதி. மெஸ்ஸை இன்னொருவர் விலைக்கு வாங்கும்போதுதான், பாத்திரம் பண்டத்துக்கு மேலே கொடுத்த காசு அவர் புத்தகத்தில் குட்வில் என்று ஏறும். ஏறிய பிறகு அதைக் குறைத்து எழுதித் தள்ளும் வேலை தொடங்கும்.

சந்தோஷமும் அதே ஜாதி. உங்களிடம் இருக்கும்வரை அதற்கு நம்பர் கிடையாது. விற்றால்தான் நம்பர் வரும். நம்பர் வந்த நாளிலிருந்து தேய்மானம்.

இதைப் புரிந்துகொண்ட ஒருவர் மாமல்லபுரத்துக்கே வந்திருந்தார். மேக்னஸ் கார்ல்சன். உலகப் பட்டத்தை 2013-ல் நம்ம சென்னையில், நம்ம ஆனந்திடமிருந்து ஜெயித்துப் போனவர், 2022 ஜூலையில் அடுத்த பட்டப் போட்டியில் ஆடப்போவதில்லை, அதில் ஈடுபாடு இல்லை என்று அறிவித்தார். அடுத்த சில நாட்களில் செஸ் ஒலிம்பியாடில் ஆட மாமல்லபுரத்தில் ஆஜர்! அவர் விட்டது பட்டத்தை, சதுரங்கத்தை இல்லை. பைக் உலகில் மார்க் மார்க்கெஸும் அப்படித்தான். 2020-ல் கை ஒடிந்து, அறுவை சிகிச்சைகள் பல ஆகி, 2023 முடிவில் ஹோண்டாவோடு மிச்சமிருந்த ஒரு வருஷ ஒப்பந்தத்தை உதறினார். சின்ன டீம் ஒன்றில், முந்தைய வருஷத்து வண்டியில் ஏறினார். ஓட்டுவதில் பழைய ருசி இருக்கிறதா என்று பார்க்கத்தான். ருசி இருந்தது. 2025-ல் மறுபடி உலக சாம்பியன்.

பெரியவர்களுக்கு விடவும் தெரியும், உதறவும் தெரியும். என் கவலை சின்னவர்கள்.

2021 என்ற ஒரே வருஷத்தில் ஐரோப்பியப் பந்தயத் தடங்களில் 14, 15, 19 வயதுப் பையன்கள் மூன்று பேர் இறந்தார்கள். அதன் பிறகே மோட்டோ 3 உலகப் போட்டிக்குக் குறைந்தபட்ச வயதைப் பதினெட்டாக உயர்த்தி, 2023-லிருந்து அமலாக்கினார்கள். அதே 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டையில் தேசியப் போட்டியின்போது விழுந்து, பெங்களூர்ப் பையன் ஒருவன் இறந்தான். வயது 13. அவன் அழுத்தத்தால் விழுந்தான் என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. பந்தயத்தில் விழுவதற்கு ஒரு நொடியும் ஒரு சின்னத் தப்பும் போதும். ஆனால், 'வேண்டாம்' என்று சொல்லும் தைரியம் பதின்மூன்று வயதுக்கு இருக்குமா என்ற கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது. 26 வயது ஸ்டோனருக்கே அதைச் சொல்ல இரண்டு உலகப் பட்டங்கள் தேவைப்பட்டன.

அப்படியானால் டிராக்கே வேண்டாம், ரோட்டில் ஜாலியாக ஓட்டலாமா? ஈசிஆரில் ராத்திரி பைக் ரேஸ் விடுகிற பிள்ளைகள் அப்படித்தான் நினைக்கிறார்கள். முட்டுக்காடு பாலத்தில் முன்சக்கரத்தைத் தூக்குகிறவனுக்குப் பின்னால் ஒருவன் செல்போனில் படம் எடுக்கிறான். நேற்றைய வீடியோவை விட இன்று அதிக லைக் வேண்டும். அதுவும் பந்தயம்தான். மருத்துவரும் ஆம்புலன்ஸும் இல்லாத பந்தயம், சம்பந்தமே இல்லாமல் எதிரில் வருகிறவரையும் சேர்த்துக்கொள்ளும் பந்தயம்.

இவ்வளவு நேரம் ஊருக்கு உபதேசம் செய்தாகிவிட்டது. என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

என் பையனுக்குப் பன்னிரண்டு வயது. சைக்கிள் பைத்தியம். விடிந்தால் கொளவாய் ஏரிப் பக்கம் ஓட்டிக்கொண்டு போய், கொக்கு பார்த்தேன், ரயில் பார்த்தேன் என்று கதையோடு வருவான். நல்லாத்தானே ஓட்டுகிறான் என்று நான் ஒருநாள் செல்போனில் ஸ்டாப் வாட்சைத் தட்டினேன். முதல் வாரம் அவனுக்கே குஷி. இரண்டாவது வாரம் ஒரு நோட்டில் தேதிவாரியாக எழுதினேன், பி.காம். புத்தி! மூன்றாவது வாரம் மாவட்டப் போட்டி எப்போது என்று விசாரித்தேன். நாலாவது வாரம் பையனுக்குக் காலையில் வயிற்று வலி.

ஒரு மாதமாகக் கொக்கும் வரவில்லை, ரயிலும் வரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வந்ததெல்லாம் நிமிஷமும் விநாடியும்தான்.

மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைக்காமலேயே, "எங்க அக்கா வளையலைக் கொடுத்தப்போ ஒண்ணுமே கேக்கலை சார். நல்லா ஓட்டுடான்னுதான் சொன்னாங்க. நான்தான் அதை 'ஜெயிச்சுட்டு வாடா'ன்னு கேட்டுக்கிட்டேன்" என்றார். வளையல் மீட்டாயிற்றா என்று கேட்டேன். "கடை ஆரம்பிச்ச மறு வருஷமே" என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் சிரித்தார்.

போன ஞாயிறு பையனோடு நானும் ஒரு வாடகை சைக்கிளில் போனேன். எனக்கு மூச்சு வாங்கியது. ஏரிக்கரை வந்ததும் அவன் பழக்க தோஷத்தில் கேட்டான்.

"எவ்ளோ நேரம் ஆச்சுப்பா?"

"தெரியாதுடா. போனை வீட்லயே வெச்சுட்டேன்."

நம்பவில்லை. என் சட்டைப் பையை ஒரு தடவை உற்றுப் பார்த்தான். நோட்டில் நான் எழுதியதை அடிக்க ஒரு நிமிஷம் போதும். அந்தப் பார்வையை அழிக்க இன்னும் சில ஞாயிறுகள் ஆகும் போலிருக்கிறது.