பல் பார்த்து வாங்குங்கள்

புறக்கோட்டைப் பக்கம், பழைய சோனகத் தெருவின் ஹாட்வெயார் கடைகளில் தொங்கும் கைவாளை யாரும் ரசித்துப் பார்ப்பதில்லை. ஆனால் பூப்பாத்தியைச் சுற்றிய மர விளிம்பை மட்டமாக்க அதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. காரணம் அதன் பல்லில் இருக்கிறது. நட்ட கட்டையின் தலையை நறுக்கும்போது வாள் நாருக்குக் குறுக்கே போகிறது. சரிவாக அராவிய பற்கள் கத்திமுனைகளாக நாரை முதலில் அறுத்து, பிறகே தூளைத் தள்ளும். நெடுக்கே பிளக்கும் வாளின் பல்லோ நேர்விளிம்புடையது. குறுக்கே இழுத்தால் சிலாம்பு கிளம்பும். அங்குலத்துக்கு 8 பல் இருந்தால், பலாப்பலகையிலும் ‘சர்... சர்...’ என்று ஒரே சுருதியில் இறங்கும். மஞ்சள் தூள் காலடியில் மெல்லக் குவியும்.

மின்வாள் வேகமானது என்பார்கள். நீள வேலிக்கு அது சரி. மண்ணோரத்தில் ஒளிந்திருக்கும் கல்லையும் ஆணியையும் கைவாள் அதிர்விலேயே சொல்லிவிடும்; மின்வாளில் அதைக் கை உணருமுன் பல் போய்விடும். மணல் பட்டால் கைவாளும் மழுங்கும்தான். முக்கோண அரத்தால் பொறுமையாகத் தீட்டிக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: பல்நுனி நீலமோ கருமையோ ஏறியிருந்தால் அது பெரும்பாலும் அரம் பிடிக்காத வாள். தீட்டித் தீட்டிப் பாவிக்க விரும்புகிறவர்கள் அதை வாங்க வேண்டாம்.