‘அக்னிப் பிரவேசம்’ கதையில் சொல்லும் உரிமை: தாயின் முடிவும் மகளின் முடிவும்

ஆய்வுச் சுருக்கம்

ஜெயகாந்தனின் ‘அக்னிப் பிரவேசம்’ (1966) சிறுகதையும், அதற்கு மாற்று முடிவு அளித்து எழுந்த ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ (1970) நாவலும் பெரும்பாலும் கற்பு, தூய்மை ஆகிய கருத்தாக்கங்களை மையமிட்டே வாசிக்கப்பட்டு வந்துள்ளன. பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண் முதலில் யாரிடம் சொல்கிறாள், கேட்டவர் என்ன செய்கிறார், செய்தி வீட்டைத் தாண்ட வேண்டுமா என்பதை யார் முடிவு செய்கிறார் என்னும் வினாக்களைக் கொண்டு இவ்விரு பனுவல்களையும் இக்கட்டுரை அணுகுகிறது. இரண்டிலும் அம்முடிவு பாதிக்கப்பட்ட பெண்ணின் கையில் இல்லை என்பதும், சட்டம் பெரிதும் மாறிய பின்னரும் அவ்வினா முற்றிலும் தீரவில்லை என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: ஜெயகாந்தன், பாலியல் வன்முறை, மௌனம், புகார், ஒப்புதல், சட்டத் திருத்தம்

முன்னுரை

‘அக்னிப் பிரவேசம்’ ஆனந்த விகடனில் வெளிவந்தபோது பெரும் விவாதத்தை எழுப்பியது. அவ்விவாதத்தின் பெரும்பகுதி, கெட்டுப்போனவளாகக் கருதப்பட்ட பெண்ணைத் தாய் தூய்மையானவள் என்று அறிவிக்கலாமா என்பதைச் சுற்றியே அமைந்தது. கதையை ஆதரித்தோர் தாயின் துணிவைப் போற்றினர். எதிர்த்தோர் அதை ஒழுக்கக் கேட்டிற்கு அளித்த சலுகை என்றனர். இரு தரப்பினரும் பெண்ணின் ‘நிலை’ குறித்துப் பேசினரேயன்றி, அவளுடைய விருப்பம் யாது எனக் கேட்கவில்லை. அவ்விடைவெளியே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி.

காக்கும் மௌனம்

மழை நாளொன்றில் காரில் ஏற்றிச் செல்லப்பட்ட கல்லூரி மாணவி, நேர்ந்ததை வீடு திரும்பியதும் தாயிடம் சொல்கிறாள். தாயின் முதல் எதிர்வினை ஆத்திரமே. மகளை அடிக்கிறாள், கதறுகிறாள். ஆனால் அண்டை வீட்டார் என்னவென்று வினவும் கணத்தில் அவள் மாறுகிறாள். மகள் மழையில் நனைந்து வந்ததையே காரணமாகக் காட்டி அவர்களை அனுப்பிவிடுகிறாள். பின்னர் மகளின் தலையில் நீரூற்றி, அந்நீரை நெருப்பாகக் கருதச் சொல்லி, அவள் மாசற்றவள் என உறுதி கூறுகிறாள்.

பாதிக்கப்பட்டவருக்குத் துணைநிற்றல் என்னும் நோக்கில் இக்காட்சி இரண்டு செய்திகளை உணர்த்துகிறது. ஒன்று, முதல் எதிர்வினை பிழைபட்டாலும் கேட்பவர் தம்மைத் திருத்திக்கொள்ள இயலும். மகளின் சொல்லைத் தாய் நம்புகிறாள். பழியை அவள்மீது நிலைநிறுத்த மறுக்கிறாள். இவை இன்றும் துணைநிற்றலின் அடிப்படைகளே. மற்றொன்று, மௌனம் காப்பது என்ற முடிவைத் தாய் ஒருத்தியே எடுக்கிறாள். மகளிடம் அவள் ஆறுதல் சொல்கிறாள், ஆணையிடுகிறாள், கருத்துக் கேட்பதில்லை. சீதையின் தீக்குளிப்பு ஊரறிய நிகழ்ந்தது. இங்கு அது வீட்டுக்குள் ஒடுங்குகிறது. ஆயினும் தூய்மையை மெய்ப்பித்தாக வேண்டும் என்ற அடிப்படை அப்படியே நீடிக்கிறது. மெய்ப்பிக்க வேண்டிய அவை மட்டுமே சுருங்கியுள்ளது.

சிதறிய சொல்

நாவலில் ஜெயகாந்தன் அதே நிகழ்வை மாற்றி அமைக்கிறார். இங்கே தாய் கூக்குரலிடுகிறாள், செய்தி பரவுகிறது, அண்ணன் அடித்துத் துரத்துகிறான். கங்கா மாமாவின் ஆதரவில் படித்து வேலைக்குச் செல்கிறாள். அந்த ஆதரவே அவளுக்குப் புதிய பாலியல் தொல்லையாகவும் அமைகிறது. துணைநிற்பவர் என்ற இடம் அதிகாரத்தின் இடமாகவும் மாறக்கூடும் என்பதை நாவல் கூர்மையாகக் காட்டுகிறது. சிறுகதையின் முடிவு நாவலுக்குள் ஆர்.கே.வி. என்னும் எழுத்தாளர் எழுதிய கதையாக இடம்பெறுகிறது. தனக்குக் கிடைக்காத தாயைக் கங்கா அச்சில் சந்திக்கிறாள்.

இவ்விரு முடிவுகளும் நேர் எதிரானவை எனவே கொள்ளப்பட்டுள்ளன: மறைத்ததால் ஒருத்தி பிழைத்தாள், வெளிப்பட்டதால் மற்றொருத்தி அழிந்தாள். இவ்வாசிப்பு மௌனத்தைத் தீர்வாக நிறுவிவிடும் இடருடையது. கங்காவைச் சிதைத்தது சொல் வெளிப்பட்டமை அன்று. அவள் சொல்லை அவளிடமிருந்து பறித்துப் பிறர் வெளியிட்டமையும், வெளிப்பட்டபின் எவரும் அவள்பக்கம் நில்லாமையுமே காரணங்கள். நாவலின் பெரும்பகுதி கங்காவின் தன்மைக் கூற்றாக அமைவது இவ்வகையில் பொருளுடையது. குடும்பம் பறித்த சொல்லும் உரிமையைக் கதைகூறல் அவளுக்குத் திருப்பியளிக்கிறது.

காவல் நிலையம் இல்லாத கதைவெளி

இரு பனுவல்களிலும் புகார் அளிப்பது ஒரு வழியாக எவர் சிந்தனையிலும் எழுவதில்லை. இதனைக் குடும்ப மானம் பற்றிய அச்சமாக மட்டும் கொள்வது போதாது. அன்றைய சாட்சியச் சட்டத்தின் 155(4) பிரிவு, புகார் கூறும் பெண் ஒழுக்கக் குறைவுடையவள் எனக் காட்டி அவள் சாட்சியத்தைத் தகர்க்க இடமளித்தது. அப்பிரிவு 2002ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால்தான் நீக்கப்பட்டது. பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவதைத் தண்டிக்கும் பிரிவும், மூடிய அறை விசாரணையும் 1983ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தவை. அத்திருத்தத்திற்கு ஒரு பின்னணி உண்டு. மகாராஷ்டிரத்தில் பழங்குடிச் சிறுமி ஒருத்தி காவல் நிலையத்திலேயே வன்முறைக்கு உள்ளான வழக்கில், உச்ச நீதிமன்றம் 1978இல் காவலர்களை விடுவித்தது. அதைக் கண்டித்து 1979இல் சட்டப் பேராசிரியர்கள் நால்வர் திறந்த மடல் எழுதினர்.

இப்பின்னணியில், 1966ஆம் ஆண்டின் தாய் காத்த மௌனம் நிறுவனங்களைப் பற்றிய சரியான கணிப்பாகவும் தோன்றுகிறது. மகளுக்கு நீதி வழங்கும் அவை வெளியே இல்லாததால் தாய் வீட்டுக்குள் ஓர் அவையை அமைத்துக்கொள்கிறாள். புகார் அளிக்காத குடும்பங்களைக் கோழைத்தனம் எனக் குறை கூறும் விமர்சனம் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

இன்றைய சட்டமும் பழைய வினாவும்

2013ஆம் ஆண்டுத் திருத்தம், ஒப்புதல் என்பதை ஐயத்திற்கிடமற்ற, தானாக முன்வந்த இசைவு என வரையறுத்தது. உடலால் எதிர்க்காமை மட்டுமே இசைவாகாது என்றது. இவ்வரையறையைக் கொண்டு படித்தால், சிறுகதை மங்கலாக விட்டுச் செல்லும் கார்க் காட்சி வேறு பொருள் பெறும். வாசகர் பலர் கேட்ட ‘அவள் ஏன் தடுக்கவில்லை’ என்ற வினாவே அடிபட்டுப்போகும். வழக்குப் பதிய மறுக்கும் காவல் அலுவலரைத் தண்டிக்கவும், அரசு, தனியார் மருத்துவமனைகள் அனைத்தும் கட்டணமின்றிச் சிகிச்சையளிக்கவும் அத்திருத்தம் வழிசெய்தது. சிகிச்சையளிக்கும் மருத்துவமனை காவல் துறைக்குத் தகவல் தரவும் வேண்டும். எனினும் நடுவண் நலவாழ்வு அமைச்சகத்தின் 2014ஆம் ஆண்டு நெறிமுறைகள், வயதுவந்த பெண் வழக்கைத் தொடர விரும்பாவிடில் அம்மறுப்பைப் பதிவுசெய்ய வேண்டும் என்றும், அதனைக் காரணமாக்கிச் சிகிச்சையை மறுக்கக்கூடாது என்றும் கூறுகின்றன.

இங்கு இரு காலங்களை வேறுபடுத்துதல் வேண்டும். மருத்துவத்தின் காலம் குறுகியது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்திற்குள் தொடங்க வேண்டும். உடற்சான்றுகளும் விரைவில் மறையும். வன்புணர்வுக் குற்றத்திற்குப் புகாரளிக்கவோ காலவரம்பு இல்லை. தாமதம் மட்டுமே வழக்கை வீழ்த்தாது என 1996இல் உச்ச நீதிமன்றமும் விளக்கியுள்ளது. ஆகவே, மருத்துவ உதவியை உடன் பெறச் செய்வதும், புகார் குறித்த முடிவிற்கு அவகாசம் அளிப்பதும் முரண்பட்டவை அல்ல. இந்நோக்கில், தாய் ஊற்றிய நீர் மகளின் மனத்தைத் தேற்றியதோடு, அவள் பின்னாளில் வேண்டியிருக்கக்கூடிய சான்றையும் நீக்கியது. கதை முன்னதை மட்டுமே அறிந்திருக்கிறது.

சட்டம் எல்லோருக்கும் இந்த அவகாசத்தை அளிப்பதில்லை. பாதிக்கப்பட்டவர் 18 வயது நிறையாதவராயின், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி செய்தியறிந்த எவரும் அதனைத் தெரிவித்தாக வேண்டும். தவறினால் தண்டனை உண்டு. சிறுகதையின் மாணவி அவ்வயதினளாக இருப்பின், போற்றப்பட்ட அத்தாய் இன்று குற்றவாளி. குழந்தைகளைக் காக்க இக்கட்டாயம் தேவையானதே. ஆனால் வழக்காகிவிடும் என்னும் அச்சத்தால் சிறுமி தாயிடமே சொல்லாமல் இருந்துவிடக்கூடும் என்பதையும் மறுப்பதற்கில்லை. சொல்லும் உரிமையை முன்பு குடும்பம் எடுத்துக்கொண்டது. இங்கு அரசு எடுத்துக்கொள்கிறது. நோக்கம் வேறாயினும், முதலில் கேட்பவரின் பொறுப்பு ஒன்றே: அடுத்து என்ன நிகழும் என்பதை மறைக்காமல் சொல்லுதல், ஒவ்வொரு படியிலும் உடனிருத்தல்.

முடிவுரை

‘அக்னிப் பிரவேசம்’ தமிழ்ப் புனைவில் பாதிக்கப்பட்ட பெண்ணின்மேல் பழி சுமத்த மறுத்த முக்கியமான கதை. அதன் பெருமை குறையாமலேயே அதன் எல்லையையும் சுட்டலாம்: மகளை நம்பிய தாய், மகளின் தீர்மானிக்கும் திறனை நம்பவில்லை. நாவலின் தாயும் அவ்வாறே. புகார் அளிப்பதே துணிவு என்றோ, மறைப்பதே காப்பு என்றோ பொதுவிதி வகுக்கும் வாசிப்பு, அத்தாய்மார் இருவரும் செய்ததையே மீண்டும் செய்கிறது. பாலியல் வன்முறை பற்றிய பிற தமிழ்ப் புனைவுகளையும் ‘யார் முடிவு செய்தார்’ என்னும் வினாவோடு அணுகுவது, தூய்மை குறித்த விவாதம் எட்டாத தளங்களை வெளிக்கொணரும்.