குளம்பொலியும் நீதியும்

1990களில் சன் தொலைக்காட்சியில் வெளிவந்த ‘மர்மதேசம்’ தொடர்களுள் ‘விடாது கருப்பு’ இன்றும் பேசப்படுகிறது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கினார். மாரண்டஹள்ளி போன்ற ஊர்களில் அதனைக் கண்டவர்கள், இரவில் புறக்கடைக்குச் செல்லவும் தயங்கினார்கள். அந்த அச்சம் எங்கிருந்து பிறந்தது?

அமெரிக்காவின் ‘டார்க் ஷேடோஸ்’ (1966–71) தொடருக்குப் பழைய மாளிகையொன்றை அரங்கினுள் எழுப்ப வேண்டியிருந்தது. ராபர்ட் கோபர்ட்டின் இசை அதற்கு உயிரூட்டியது. நாகாவுக்கோ ஊரே அரங்கு. எல்லைச்சாமியும் அரிவாளும் ஆளரவமற்ற பாதையும் நம் உள்ளத்தில் முன்னரே குடியிருப்பவை. அவற்றை எழுப்பிவிட, இருளினூடே சிறிதளவு ஒளி போதுமானதாயிற்று. குளம்பொலி கேட்கிறது; உருவமோ பிந்துகிறது. அந்த இடைவெளியை நம் கற்பனையே நிரப்பிக்கொள்கிறது.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். தவறிழைத்தவன் தனித்து நிற்கையில் குளம்பொலி எழுந்தால், நாம் நடுங்கினோமா, அல்லது உள்ளூர மகிழ்ந்தோமா? தண்டிப்பவரின் முகத்தை இருள் மறைத்தது. ஆகவே கொலை நீதியாகத் தோன்றியது. திரை விலகியபோது அங்கு தெரிந்தது தெய்வமன்று, பிளவுண்ட மனித மனமே. இசையிலும் இருளிலும் மயங்கி நாம் எதற்கு இசைந்திருந்தோம் என்பதை அப்போதுதான் உணர்கிறோம்.

அச்சம் கையைத் தடுக்கலாம்; இதயத்தைத் திருப்புவதில்லை. இத்தொடரின் சிறப்பு அச்சுறுத்தியதில் மட்டுமன்று, நம்மை நமக்கே காட்டிக்கொடுத்ததிலும் இருக்கிறது.