'பர்சா' என்னும் உடற்கூற்றுச் சொல்லும் அதன் தமிழாக்கமும்

மூட்டுகளை ஒட்டித் தசைநாணும் எலும்பும் உராயாதவாறு இடையில் அமைந்த மெல்லிய பைகளை உடற்கூற்றியலார் 'பர்சா' என்பர். மனித உடலில் இவை ஏறத்தாழ 150. எடின்பரோவைச் சேர்ந்த அலெக்சாண்டர் மன்றோ 1788இல் இவற்றைத் தனி நூலாகவே விவரித்தார். ஆயின் சொல் அதனினும் மிகப் பழையது. கிரேக்கத்தில் உரித்த தோலைக் குறித்த 'பிர்சா', பிற்கால இலத்தீனில் 'புர்சா' என்றாகிப் பையைக் குறித்தது. ஆங்கிலப் 'பர்சு', பங்குச்சந்தையைக் குறிக்கும் பிரெஞ்சுப் 'பூர்சு' ஆகியனவும் இவ்வேரினவே.

இக்கிளைச் சொற்கள் மும்பையில் அருகருகே வழங்குகின்றன. தோல் பதனிடும் தொழிலை நாடித் திருநெல்வேலித் தமிழர் குடியேறிய தாராவியில், பதனிடும் சாலைகள் பெரும்பாலும் அகன்ற பின்னும், பட்டறைகளில் பர்சும் கைப்பையும் உருவாகின்றன. அண்மையிலுள்ள பாந்திரா-குர்லா வளாகத்தில் 2010 முதல் இயங்கும் வைரச் சந்தையின் ஆங்கிலப் பெயரிலும் 'பூர்சு' உண்டு. தரையில் நெடுநேரம் மண்டியிட்டு உழைப்போர்க்கு முழங்கால் பர்சா வீங்குதல் மருத்துவம் நன்கறிந்தது. பர்சு தைப்பவரிடம் "உமக்குப் பர்சாவில் அழற்சி" என்றால் அவர் என்ன பொருள் கொள்வார்?

'நீர்ப்பை' என்னும் ஆக்கம் எளிது, ஆனால் தீங்கானது. நீர்க்கட்டியோடு மயங்கி, உடலில் இயல்பாக அமைந்த உறுப்பை அகற்ற வேண்டிய நோயாகக் காட்டிவிடும். 'உராய்வுப்பை' என்பதும் பொருந்தாது. கடைத்தெருவில் துணிப்பை, தோற்பை எனப் பொருளாலும் பைக்குப் பெயர் அமையும். உடலிலோ இரைப்பை, பித்தப்பை, சிறுநீர்ப்பை, கருப்பை என உள்ளடக்கமே முன்மொழியாகிறது. இம்மரபில் பழகிய செவிக்கு உராய்வுப்பை என்பது உராய்வைக் கொண்ட பையாகவே படும், உண்மையோ நேர்மாறு. வண்டி அச்சுக்கு இடும் மசகு தமிழர் அறிந்ததே. ஆதலின் 'மசகுப்பை' என்பதே தக்கது. தோல் என்னும் வேர்ப்பொருள் இதில் மறைவது இழப்பன்று; பாம்பின் படத்தையும் குறிக்கும் தமிழ்ப் 'பை' விரிந்து புடைக்கும் வடிவையே சுட்டுகிறது.

எனினும் 'பர்சா' வருமிடமெல்லாம் மசகுப்பை என எழுதுதல் பிழை. பறவைகளின் கழிவுப் புழையை ஒட்டிய ஃபப்ரீசியசு பர்சாவில் மசகுக்கு இடமில்லை. நோயெதிர்ப்பு அணுக்கள் அங்கு முதிர்கின்றன. 'பி' அணுக்களின் 'பி' அப்பெயரின் முதலெழுத்தே. அங்கு 'ஃபப்ரீசியசு பை' என்பதே போதும். இலத்தீன் வடிவத்தை நோக்கி ஒரே பெயரிட்டது. உள்ளடக்கத்தை நோக்கும் தமிழுக்கு இரண்டு வேண்டும்.