அரை அங்குல இடைவெளி

நான்கு துளை, ஐந்து துளை, ஆறு துளை. இந்த மூன்று இரும்புப் பட்டைகளையும் முனையோடு முனை சேர்த்து போல்ட் போட்டு முடுக்கினால் அப்பழுக்கற்ற செங்கோண முக்கோணம் கிடைக்கும். பள்ளியில் மூன்று, நான்கு, ஐந்து என்றுதானே படித்தோம் என்று தோன்றும். எண்ண வேண்டியது துளைகளை அல்ல, துளைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளிகளை. நான்கு துளைக்கு மூன்று இடைவெளி. மெக்கானோ பெட்டியைத் திறந்த எவரும் முதல் அரை மணி நேரத்தில் இந்தத் தப்பைச் செய்திருப்பார்கள். நானும் செய்தேன், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு.

இதை விளையாட்டுச் சாமான் என்று சொன்னால் முகம் சுளிக்கும் கூட்டம் ஒன்று உலகெங்கும் இருக்கிறது. பெரும்பாலும் தலை நரைத்த ஆண்கள். பாகங்களைப் பெயரால் அல்லாமல் எண்ணால் அழைப்பவர்கள். இரண்டரை அங்குலப் பட்டை அவர்களுக்கு 'அஞ்சாம் நம்பர்', நட்டு 'முப்பத்தேழு ஏ'. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் உள்ள ஸ்கெக்னஸ் என்ற சுற்றுலா ஊரில் பல ஆண்டுகள் கூடிக் கண்காட்சி நடத்தியிருக்கிறார்கள். அங்கே மேசை மேல் நிற்கும் பாரந்தூக்கியும் நெசவுத்தறியும் குழந்தைகள் செய்பவை அல்ல. ஒரு மனிதரின் மூன்று நான்கு குளிர்காலங்களை விழுங்கியவை. இந்தப் பெரியவர்கள் எதைக் கொண்டாடுகிறார்கள், எதற்காகப் புலம்புகிறார்கள், அதில் எவ்வளவு நியாயம் என்பதுதான் என் கேள்வி. கொண்டாட்டத்தில் நியாயம் அதிகம். புலம்பலில் பாதிதான் தேறும்.

கதையின் தொடக்கம் சுருக்கமானது. லிவர்பூலில் இறைச்சி இறக்குமதி செய்யும் ஒருவரிடம் கணக்கராக வேலை பார்த்த பிராங்க் ஹார்ன்பி, தம் பிள்ளைகளுக்குத் தகட்டை வெட்டிப் பாரந்தூக்கி செய்துகொடுத்தார். ஒன்றுக்காக வெட்டியது இன்னொன்றுக்கு உதவவில்லை. எல்லாப் பட்டையிலும் ஒரே அளவுத் துளை, துளைக்குத் துளை அரை அங்குலம் என்று வைத்துக்கொண்டால் எதுவும் எதனோடும் சேரும் என்று கண்டார். 1901-ல் காப்புரிமை. 1907-ல் மெக்கானோ என்ற பெயர். 1914 முதல் 1979 வரை லிவர்பூலின் பின்ஸ் ரோடு ஆலையிலிருந்து பெட்டி பெட்டியாக வெளியேறியது அந்த அரை அங்குலம்.

அதற்குள் என்ன இருக்கிறது என்று பல்சக்கரங்களைப் பார்த்தால் புரியும். 19 பல் கொண்ட சின்னதும் 57 பல் கொண்ட பெரியதும் கடித்துக்கொண்டால் அவற்றின் மையங்களுக்கு நடுவே சரியாக ஓர் அங்குலம், அதாவது இரண்டு துளை தூரம். 19-ஐயும் 95-ஐயும் வைத்தால் ஒன்றரை அங்குலம். 19-ம் 133-ம் என்றால் இரண்டு. எந்தப் பட்டையிலும் அளவுகோல் வைக்காமல் துளையை எண்ணியே கியர் பெட்டி கட்டிவிடலாம். இவ்வளவு அழகான கணக்கில் ஒரு கோணல் மட்டும் உண்டு. 25 பல்லும் 50 பல்லும் சேர்ந்த ஜோடி. வேகத்தைப் பாதியாக்க இதை விட்டால் வசதியான வழி இல்லை. ஆனால் இரண்டையும் கூட்டினால் 75. ஓர் அங்குலத்துக்கு வேண்டியது 76. ஒரு பல் குறைகிறது, அங்குலத்தில் 76-ல் ஒரு பங்கு இடைவெளி விழுகிறது. மில்லிமீட்டரில் மூன்றில் ஒன்றுதான், இருந்தும் கை வைத்துப் பார்த்தால் லொடலொடக்கும். முறை தெரிந்தவர்கள் இதைக் குறையாகச் சொல்வதில்லை. "அந்த ஜோடி அப்படித்தான்" என்பார்கள், வீட்டில் ஒருவருக்குக் கொஞ்சம் கோபம் அதிகம் என்று சொல்கிற தொனியில்.

என் கணிப்பில் இந்தப் பொழுதுபோக்கின் உயிர் ஒரே ஒரு எழுதப்படாத விதியில் இருக்கிறது: வெட்டாதே, வளைக்காதே, புதுத் துளை போடாதே. லேத் பட்டறைக்காரருக்கு இது அபத்தம். வேண்டிய அளவுக்குக் கடைந்துகொள்ள இயந்திரம் இருக்கும்போது எதற்கு இந்த விரதம்? ஆனால் வேண்டியதைச் செய்துகொள்ள முடியாது என்ற நிலை வந்த பிறகுதான் இருப்பதைப் பற்றி யோசிக்கத் தொடங்குகிறோம். சதுரத்துக்கு மூலைவிட்டம் போட முயன்று பாருங்கள், எந்தப் பட்டையும் பொருந்தாது. ஒன்று, நீள்துளை உள்ள பாகத்தைத் தேட வேண்டும். அல்லது சதுரத்தையே விட்டுவிட்டு மூன்று-நான்கு விகிதத்தில் செவ்வகமாக்க வேண்டும். விருத்தப்பா எழுதுகிறவர் சீருக்காகச் சொல்லை மாற்றப் போய்ப் புதிய பொருளைக் கண்டடைவதைப் போன்ற காரியம் இது.

நட்டு போல்ட்டுக்கும் இதில் பங்குண்டு. 1977-ல் வந்த லெகோ டெக்னிக் வகையில் ஓர் இணைப்பு ஒன்று பொருந்தும், அல்லது பொருந்தாது. நடுவில் நிலை கிடையாது. மெக்கானோவில் ஒவ்வொரு போல்ட்டும் ஒரு முடிவைக் கேட்கிறது. முழுக்க முடுக்கினால் சட்டம், சற்றுத் தளர்த்தி இன்னொரு நட்டால் பூட்டினால் கீல். எல்லா மூலையையும் முதலிலேயே முடுக்கிவிட்டால் கடைசித் துளை நேருக்கு வராது. ஆகவே எல்லாவற்றையும் விரலால் மட்டும் திருகி வைத்து, சட்டத்தை ஆட்டி உட்கார வைத்து, பிறகு திருப்புளியை எடுக்க வேண்டும். மோட்டார் மெக்கானிக் பையன் முதல் வாரத்தில் திட்டு வாங்கிக் கற்பதும் இதையேதான். வேதியியலுக்கு நோபல் பெற்ற ஹாரி க்ரோட்டோ, மெக்கானோவின் இடத்தை லெகோ பிடித்தது தொழில்நுட்பக் கல்விக்கு நேர்ந்த இழப்பு என்று வருந்தியவர். அவர் சொன்னதை நான் ஏற்பது இந்தக் கைப்பக்குவத்துக்காகத்தான்.

இனி பெருமைகளுக்கு வருவோம். ரசிகர்கள் எங்கே கூடினாலும் மூன்று கதைகள் தவறாமல் வரும். 1934-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஹார்ட்ரீயும் ஆர்தர் போர்ட்டரும், அமெரிக்காவில் வன்னிவர் புஷ் கட்டிய, வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் இயந்திரத்தின் சிறு வடிவத்தை மெக்கானோவில் கட்டினார்கள். செலவு சுமார் 20 பவுண்டு, பிழை 2 விழுக்காடு அளவில். கேம்பிரிட்ஜில் கட்டிய இன்னொன்று பின்னர் நியூசிலாந்துக்குப் போய் இன்று ஆக்லாந்தில் உள்ள ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடுத்தது யேல் மருத்துவ மாணவர் வில்லியம் சீவெல். யேல் இருக்கும் அதே நியூ ஹேவன் நகரில் தயாரான, மெக்கானோ போன்ற 'எரெக்டர்' பெட்டியின் பாகங்களைக் கொண்டு 1950-ஐ ஒட்டிச் செயற்கை இதயத்துக்கான பம்பு செய்தார். மூன்றாவது கதை ப்ராக் நகரத்தது. 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஓட்டோ விக்டர்லே, இதே வகையான செக் நாட்டு 'மெர்குர்' பெட்டியும் சைக்கிள் டைனமோவும் வைத்து வீட்டிலேயே ஒரு சுழல்கருவி செய்தார். உலகின் முதல் மென் கண்வில்லைகள் அதில் வார்க்கப்பட்டவை.

மூன்றும் உண்மை. அவற்றிலிருந்து ரசிகர்கள் எடுக்கும் முடிவுதான் இடிக்கிறது. மான்செஸ்டர் இயந்திரத்தின் மூளை, கண்ணாடித் தட்டின் மேல் உருளும் ஒரு சக்கரம். அந்தக் கண்ணாடி எந்தப் பெட்டியிலும் வந்ததில்லை. விக்டர்லேயின் சாதனை ரசாயனத்தில் இருந்தது. சட்டங்களும் அச்சுகளும் அன்றே கைக்குக் கிடைத்தன, பட்டறையில் சொல்லிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. இந்தப் பெட்டிகளின் பங்கு அவ்வளவுதான். அது சின்னப் பங்கல்ல. ஆனால் 'மெக்கானோ கணினி' என்று மார்தட்டும்போது, மேற்சொன்ன விதியை அந்த மேதைகள் யாரும் மதிக்கவில்லை என்பது மறந்துபோகிறது. அவர்கள் வேண்டியதையெல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்த்தார்கள்.

முறையின் உள்ளேயே இருக்கும் குறைகளை ரசிகர்கள் நன்றாக அறிவார்கள், வெளியாரிடம்தான் பேசமாட்டார்கள். பெரியது, சக்கரத்தை அச்சோடு பிடிக்கும் குட்டித் திருகு. வழவழப்பான உருண்டைக் கம்பியை ஒரு திருகின் நுனி அழுத்திப் பிடிக்கிறது. சுமை ஏறினால் வழுக்கும், மேலும் முடுக்கினால் கம்பியில் தழும்பு விழும், தழும்பு விழுந்த கம்பி துளைக்குள் நுழையாது. டெக்னிக்கின் அச்சு சிலுவை வடிவம். ஆகவே வழுக்காது, ஆனால் பிளாஸ்டிக் என்பதால் முறுக்கிக்கொள்ளும். இந்த ஓர் இடத்தில் டெக்னிக்கின் யோசனைதான் மேல் என்பதை எந்த மெக்கானோக்காரரும் என்னிடம் ஒப்புக்கொண்டதில்லை.

புலம்பல்களில் முதலில் தள்ளுபடி செய்ய வேண்டியது வண்ணம். வண்ணம் பூசுவதற்கு முன் பாகங்கள் நிக்கல் பூச்சுடன் வந்தன. 1926-ல் சிவப்பும் பச்சையும் வந்தன, 1934-ல் நீலமும் பொன்னிறமும், போருக்குப் பின் மறுபடி சிவப்பு பச்சை, 1964-ல் மஞ்சளும் கறுப்பும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கட்சி. தன் பிள்ளைப் பருவத்தில் வந்த நிறமே உண்மையான மெக்கானோ, பிறகு வந்ததெல்லாம் சீரழிவு. நிறம் மாறியபோது துளை மாறவில்லை என்பது காதில் ஏறாது. இதன் உச்சம், அட்டையில் நூலால் கட்டிய பாகங்களைக் கட்டவிழ்க்காமலே வைத்திருக்கும் சேகரிப்பாளர். விளையாடப்படாத பெட்டிக்கே விலை அதிகம். தாலி போல அந்த நூலைக் காப்பாற்றுகிறார்கள். ஹார்ன்பி உயிரோடு இருந்திருந்தால் கத்தரியோடு வந்திருப்பார்.

மரை பற்றிய புலம்பல் வேறு ரகம், முழுக்க நியாயமானது. பழைய போல்ட் 5/32 அங்குல விட்வொர்த் மரை. அங்குலத்துக்கு 32 சுற்று, ஒரு சுற்றுக்குச் சுமார் 0.79 மில்லிமீட்டர். பின்னாளில் பிரான்சில் தயாரானவை மெட்ரிக்குக்கு மாறின. எம்4, ஒரு சுற்றுக்கு 0.7. இரண்டின் தடிமனும் கண்ணுக்கு ஒன்றே. பழைய போல்ட்டில் புது நட்டு ஒன்றிரண்டு சுற்று சமர்த்தாக ஏறும், அப்புறம் இறுகி நிற்கும். பலம் கொடுத்தால் மரை போய்விடும். தமிழில் 'மரை கழன்றவர்' என்று சொல்வதற்கு ஒரு நிரூபணம் வேண்டுமானால், இந்த இரண்டு வகையும் கலந்த டப்பாவை ஒருவரிடம் கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பாருங்கள். பழைய பொருள் விற்கும் கடையில் நான் வாங்கிய பெட்டி அப்படித்தான் கலந்து கிடந்தது. நிறத்தை மாற்றுவது உற்பத்தியாளரின் உரிமை. மரையை மாற்றுவது, எழுபது எண்பது ஆண்டுகளாக மூன்று தலைமுறை கட்டிக் காத்த 'எதுவும் எதனோடும் சேரும்' என்ற வாக்குறுதியைக் கைவிடுவது.

டெக்னிக் பெரியவர்களுக்கும் இதே போன்ற மனக்குறை ஒன்று உண்டு. 2019-ல் வந்த லீபெர் மண் அள்ளும் இயந்திரம், 4,108 துண்டுகள். அதை ஓட்டக் கைப்பேசிச் செயலி வேண்டும், கையில் பிடிக்கும் இயக்கி பெட்டியில் கிடையாது. போருக்கு முந்தைய மெக்கானோ சாவி மோட்டார்கள் எண்ணெய் விட்டால் இன்றும் ஓடுகின்றன. செயலிக்கு எண்ணெய் விட முடியாது.

பிளாஸ்டிக் கலந்ததால்தான் மெக்கானோ வீழ்ந்தது என்ற வாதத்தில் எனக்குப் பாதி நம்பிக்கைதான். கலேயில் இருந்த பிரெஞ்சு ஆலையும் 2024-ல் மூடப்பட்டுவிட்டது. அதற்கு உற்பத்தியாளர் ஒருவரை மட்டும் கூண்டில் ஏற்றுவது பெரியவர்களுக்கு வசதி. தாங்கள் என்ன செய்தோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டாம். தேவையான பாகங்களைத் தாமே அச்சு அசலாகச் செய்து விற்கும் சிறு பட்டறைகளை உருவாக்கிக்கொண்டார்கள். அது பெரிய சாதனை, ஆலை போனாலும் முறை சாகாமல் இருப்பது அதனால்தான். ஆனால் அந்தப் பட்டறைகள் கேட்கும் விலையில் ஒரு பத்து வயதுப் பிள்ளைக்குப் பெட்டி வாங்கித் தருவது எளிதல்ல. கண்காட்சி மேசைக்கு முன்னே 'தொடாதே' அட்டையும் வைத்தாயிற்று. பிள்ளைகள் வரவில்லையே என்ற கவலை அதற்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் ஊரில் என் வயதுக்காரர்களுக்குத் தெரிந்தது மெக்கானோ அல்ல, நம் நாட்டு 'மெக்கானிக்ஸ்' பெட்டி. போன கோடை விடுமுறையில் தம்பி மகன் வந்திருந்தபோது நான் பூட்டி வைத்திருந்த பெட்டியை இறக்கிக் கொடுத்தேன். பாரந்தூக்கிக்குக் கொக்கி வேண்டும் என்றான். கொக்கிப் பாகம் தொலைந்திருந்தது. ஒரு பட்டையை எடுத்து நுனியை வளைக்கப் போனான்.

"வளைக்காதடா."

"ஏன், இது வெறும் தகடுதானே?"

"வளைக்கக் கூடாது, அவ்வளவுதான்."

"அப்ப வேற எப்படி பெரியப்பா?"

ராத்திரி பதினோரு மணி வரை இருவரும் தேடினோம். இரண்டு கோணத் தகடு, ஒரு மூன்று துளைப் பட்டை, நான்கு நட்டு. தொங்கவிட்டால் சற்று இடப்பக்கம் சாய்ந்து நின்றது. தண்ணீர் பாட்டிலைத் தூக்கியது.