சிலுவையும் நம் மறுப்புரைகளும்

'சிலுவை' என்னும் தமிழ்ச் சொல் சுரியானி மொழியின் 'ஸ்லீபா'விலிருந்து வந்தது. அரபியில் நாம் 'ஸலீப்' என்பதும் அதே வேரைச் சார்ந்ததே. திருக்குர்ஆனில் சிலுவை என்னும் பொருளுடைய இப்பெயர்ச்சொல் இல்லை. அறைதல் என்னும் வினையே உள்ளது. ஈஸா (அலை) அவர்களைப் பற்றிய வசனத்தில் (4:157) மட்டுமன்று, யூசுஃப் (அலை) அவர்களுடன் சிறையிலிருந்தவனின் முடிவைக் கூறுமிடத்திலும் (12:41), ஈமான் கொண்ட சூனியக்காரர்களை ஃபிர்அவ்ன் அச்சுறுத்துமிடத்திலும் (20:71) அது வருகிறது. அங்கெல்லாம் பேசப்படுவது தண்டனை, சின்னமன்று.

இந்த வேறுபாட்டை நம் மறுப்புரைகள் கவனிப்பதில்லை. 'சிலுவை கிறிஸ்தவத்துக்கு உரியதே அன்று. 4ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் மன்னன் சிலைவணக்கத்தாரிடமிருந்து எடுத்துப் புகுத்தியது' என்னும் வாதம் நம் பிரசுரங்களிலும் மேடைகளிலும் ஓயாது ஒலிக்கிறது. நாமும் பல்லாண்டுகள் வகுப்பில் இதையே சொல்லி வந்தோம். மாணவர் ஒருவர் ஆதாரம் கேட்ட பிறகே தேடினோம். கிடைத்தவை வேறாக இருந்தன.

ரோமர் ஆட்சியில் சிலுவை, அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரிய இழிவான சாவு. ஸ்பார்ட்டகஸின் அடிமைக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது, கி.மு. 71இல், ஏறத்தாழ 6,000 பேர் ரோமுக்குச் செல்லும் நெடுஞ்சாலையோரம் அறையப்பட்டனர். அப்படிச் செத்த ஒருவரை வணங்குவதா என்ற ஏளனமே தொடக்கக் கிறிஸ்தவர்கள் சந்தித்த முதல் மறுப்பு. ரோமின் பாலட்டைன் குன்றில் 1857இல் வெளிப்பட்ட சுவர்க்கிறுக்கல் அதற்குச் சான்று. கழுதைத் தலையுடன் ஒருவன் சிலுவையில் தொங்குகிறான். கீழே நிற்கும் அலெக்ஸாமெனோஸ் தன் கடவுளை வணங்குவதாகக் கிரேக்கத்தில் கேலி எழுதப்பட்டுள்ளது. இதன் காலத்தை அறிஞர்கள் கி.பி. 200ஐ ஒட்டி வைக்கின்றனர். அதே காலத்துக் கார்த்தேஜ் அறிஞர் தெர்த்துல்லியன், கிறிஸ்தவர்கள் அன்றாடச் செயல்கள்தோறும் நெற்றியில் சிலுவைக் குறி இட்டுக்கொள்வதைப் பதிவுசெய்திருக்கிறார். கான்ஸ்டன்டைன் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கும் முற்பட்ட செய்திகள் இவை.

அம்மன்னனுக்குப் பங்கே இல்லை என்று நாம் கூறவரவில்லை. இழிவின் கருவி அரசின் விருதாக உயர்ந்தது அவனுக்குப் பிறகே. தண்டனையைக் கண்ணால் கண்ட தலைமுறைகள் அக்காட்சியைப் பொதுவிடத்தில் வடிக்கத் தயங்கின போலும். ரோமின் சாந்தா சபீனா ஆலயக் கதவில் கி.பி. 430களில் செதுக்கப்பட்டதே இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய பொதுக் காட்சிகளில் ஒன்று. ஸூரத்துர் ரூம் சுட்டும் போரில், கி.பி. 614இல் பாரசீகர் ஜெரூசலத்திலிருந்து கவர்ந்து சென்றதும், 630இல் ஹிராக்ளியஸ் மீட்டு வந்து நிறுத்தியதும் சிலுவையின் மரத்துண்டு என்று போற்றப்பட்ட ஒன்றையே. அவனுடைய நாணயங்களில் படிகளின்மேல் சிலுவை நின்றது. அப்துல் மலிக் காலத்து தீனார்களில் குறுக்குச் சட்டம் நீக்கப்பட்டு வெறும் கம்பமானது. ஹிஜ்ரி 77இல் உருவமெதுவுமின்றி எழுத்து மட்டுமே நின்றது. அங்கே நீக்கப்பட்டது ஒரு வழிபாட்டுக் குறி மட்டுமன்று, ஒரு பேரரசின் முத்திரையும்கூட.

நமக்கும் அவர்களுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு வேறோரிடத்தில் இருக்கிறது. சிலுவையின் செய்தி யூதருக்கு இடறல், கிரேக்கருக்கு மடமை என்பதைப் பவுலே கொரிந்தியருக்கு எழுதிய மடலில் ஒப்புக்கொள்கிறார். ஆயினும் அந்த அவமானத்திலேயே இறைவனின் அன்பும் பாவநிவர்த்தியும் வெளிப்பட்டன என்பது அவர்தம் கொள்கை. ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் (6:164) என்பது நம் கொள்கை. சின்னம் எங்கிருந்து வந்தது என்ற ஆராய்ச்சி இவ்விரண்டில் எதையும் அசைக்காது.

இமாம் ஃபக்ருத்தீன் ராஸீ தம் தஃப்ஸீரில் (3:55), வேறொருவர் ஈஸா (அலை) அவர்களின் சாயலாக்கப்பட்டார் என்னும் விளக்கத்துக்கு எதிராக எழக்கூடிய ஐயங்களை ஒவ்வொன்றாகத் தாமே எடுத்துவைக்கிறார். ஒரே உருவில் இருவர் தோன்றக்கூடுமானால் கண்ணால் கண்டதை எப்படி நம்புவது என்ற கேள்வியை எதிர்த்தரப்பு எழுப்பும்வரை அவர் காத்திருக்கவில்லை. அதன்பிறகே விடை கூறுகிறார். அப்பக்கங்களை இவ்வாண்டு பாடத்தில் சேர்த்திருக்கிறோம்.