உறைந்த காப்பியை ஊற்றியவர் யார்?

1967 டிசம்பர் 31 அன்று அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், கிரீன் பே நகரின் லாம்போ அரங்கில் ஓர் ஆட்டம் நடந்தது. நாம் கால்பந்து என்று சொல்வதல்ல. தலைக்கவசம் அணிந்து, பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து. கிரீன் பே பேக்கர்ஸ் அணி டல்லஸ் கௌபாய்ஸ் அணியை 21–17 என்று வென்றது. அன்றைய வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 25 டிகிரி செல்சியஸ். 'ஐஸ் பவுல்' என்று பெயர் பெற்றுவிட்ட அந்த ஆட்டத்தின் கதையை அமெரிக்க விளையாட்டு எழுத்து அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நடுவரின் விசில் உதட்டில் ஒட்டிக்கொண்டது, தரைக்கடியில் பதித்திருந்த வெப்பக் கம்பிகள் வேலை செய்யாமல் போனது, கடைசிப் பதினாறு நொடியில் பார்ட் ஸ்டார் பந்தோடு பாய்ந்து கோட்டைத் தாண்டியது என்று கதை வளர்கிறது. வர்ணனையாளர் ஃபிராங்க் கிஃபோர்ட் தன் கையிலிருந்த காப்பியைக் கடித்துத் தின்னப் போவதாகச் சொன்ன வேடிக்கையும் அதில் தவறாமல் இடம்பெறும்.

இந்தக் காப்பி வேடிக்கையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான் வரும். அந்தக் காப்பியைக் காய்ச்சியது யார்? அவர் எத்தனை மணிக்கு அரங்கத்துக்கு வந்தார், எத்தனை மணி நேரத்துக்குச் சம்பளம் வாங்கினார்? கதையில் அவர் இல்லை. ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர்கள், நடுவர்கள், ஐம்பதாயிரம் ரசிகர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். வேலை செய்யாதவர்களின் குளிர்கூட வீரமாகப் பதிவாகியிருக்கிறது. வேலை செய்தவர்களின் குளிரைக் காணோம்.

வேலை செய்தவர்கள் என்று அந்தக் கதையில் ஓரளவு தென்படுபவர்கள் பேண்டு வாத்தியக்காரர்கள். லா கிராஸ் நகரிலிருந்த மாநிலப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள். இடைவேளையில் வாசிக்க வந்தவர்களின் கருவிகள் உறைந்துபோயின. ஏழு பேரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இடைவேளை நிகழ்ச்சி ரத்தானது. இதைப் பெரும்பாலும் வேடிக்கைத் தகவலாகத்தான் எழுதுகிறார்கள். ஆட்டக்காரரின் உறைந்த விரல் தியாகமாகிறது, வாத்தியக்காரரின் உறைந்த உதடு துணுக்குச் செய்தியாகிறது. குளிர் எல்லோருக்கும் ஒன்றுதான். அதைக் கதையாக்கும்போதுதான் ஆண்மை, வரலாறு, அற்பம் என்று தரம் பிரிகிறது.

இதை நான் வெளியிலிருந்து மட்டும் சொல்லவில்லை. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் சில ஆண்டுகள் இருந்தேன். கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசா என்னுடையது. அதில் இருப்பவர் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. கிரீன் கார்டுக்கான வரிசையில் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியவர்களின் இணையருக்கு மட்டும் 2015 மே மாதத்திலிருந்து வேலை அனுமதி கிடைத்தது. நான் போனது அதற்கு முன்பு. எம்.காம். படித்துவிட்டு வீட்டில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்த எனக்கு, மகளின் பள்ளி பேண்டுக்கு நிதி திரட்டும் தாய்மார் குழு பெரிய ஆறுதல். அந்தக் குழுவோடு ஒரு டிசம்பர் ஞாயிறு அரங்கத்துக்குப் போய்த் தீனிக் கடையில் நின்றேன். அங்கே இது சாதாரண ஏற்பாடு. பள்ளிக் குழு, தேவாலயக் குழு போன்றவை ஆட்களை அனுப்பும். அவர்கள் ஊதியமில்லாமல் விற்பார்கள். விற்பனையில் ஒரு பங்கு குழுவின் கணக்குக்குப் போகும்.

எங்கள் கடைக்கு மேற்பார்வையாக, சம்பளத்துக்கு இருந்த ஒரே ஆள் அறுபது வயதை நெருங்கிய கறுப்பினப் பெண். ரொட்டியைச் சூடாக்கும் அடுப்பு முதுகுப்பக்கம், திறந்த சன்னல் முகத்துக்கு நேரே. முதுகு வேர்க்கும், மூக்கு மரத்துப்போகும். கம்பளிக் கையுறை மேல் சமையல் கையுறையை மாட்டினால் சில்லறை எண்ண முடியாது. கழற்றினால் விரல் எரியும். எந்த வரிசையில் எதை மாட்ட வேண்டும், சூடான சாக்லேட் குவளையை எப்படி இரண்டு உள்ளங்கைக்கும் கொடுத்து வாங்க வேண்டும் என்று அவர்தான் கற்றுக்கொடுத்தார். கூட்டம் சற்றுக் குறைந்தபோது எங்களுக்கு எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்டார். எங்களுக்கு எதுவும் இல்லை, பேண்டுக்குப் போகும் என்றேன். "அப்படியென்றால் என் வேலையை நீங்கள் சும்மா செய்கிறீர்கள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வருகிறது என்று சொல்வது போலச் சொன்னார்.

மூன்றாம் கால்பகுதியில் குளிர் தாங்காமல் ரசிகர்கள் கிளம்பத் தொடங்கினார்கள். எங்கள் கடையை மூடச் சொல்லிவிட்டார்கள். அவர் காலை எட்டு மணிக்குப் பேருந்து ஏறியவர். ஒன்பது மணிக்கு வாசல், பிறகு சோதனை வரிசை, சீருடை. பத்து மணிக்குத்தான் வேலை நேரம் பதிவானது. இரண்டரைக்குப் பதிவு நின்றது. அடுத்த பேருந்து மூன்றரைக்கு, வீடு சேர நாலரை. ஒரு நாளில் எட்டரை மணி நேரம் போனது, சம்பளம் நாலரை மணி நேரத்துக்கு. குளிரில் தனியாக நின்ற அந்தக் கடைசி ஒரு மணி நேரம் யாருடைய கணக்கிலும் இல்லை. நாங்கள் ஐந்து தாய்மார்கள் வந்த வண்டியில் அவருக்கு இடமில்லை என்று சொல்லிக்கொண்டு கிளம்பினோம். நெருக்கி உட்கார்ந்திருந்தால் இடம் இருந்திருக்கும்.

இதை ஒரு நிர்வாகத்தின் கஞ்சத்தனம் என்று முடித்துவிட முடியாது. எது 'வேலை' என்ற கேள்விக்கு அமெரிக்கச் சட்டமே நீண்ட வரலாறு வைத்திருக்கிறது. 1946இல் மிச்சிகன் மாநிலத்தின் மவுண்ட் கிளெமென்ஸ் மண்பாண்டத் தொழிற்சாலை வழக்கில், வாசலிலிருந்து வேலை மேசை வரை நடக்கும் நேரமும் வேலை நேரமே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. முதலாளிகள் பதறினார்கள். அடுத்த ஆண்டே 'போர்ட்டல் டு போர்ட்டல்' சட்டம் வந்து அந்தத் தீர்ப்பின் பலனைப் பறித்துக்கொண்டது. 2014 டிசம்பரில், அமேசான் கிடங்குகளில் ஒப்பந்த நிறுவனம் வழியாக வேலை பார்த்தவர்கள் வெளியேறும்போது சோதனைக்காகக் காத்திருக்கும் நேரத்துக்கு ஊதியம் கேட்ட வழக்கில், அது வேலையின் இன்றியமையாத பகுதி அல்ல என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள்.

வீட்டு வேலையை அறிந்த பெண்களுக்கு இந்தத் தர்க்கம் புதிதல்ல. அரிசி களைவது சமையலுக்கு முந்தியது, பாத்திரம் கழுவுவது சமையலுக்குப் பிந்தியது, நடுவில் இருப்பது மட்டுமே சமையல் என்றால் அந்த வேலைக்கு மதிப்பே இராது. குளிர்காலத்தில் இந்த முன்னும் பின்னும் இன்னும் நீள்கின்றன. நான்கு அடுக்கு உடுப்பு மாட்ட வேண்டும், கழற்ற வேண்டும், பனியில் மெல்ல நடக்க வேண்டும், தாமதமாகும் பேருந்துக்கு நிற்க வேண்டும். ஆபத்து அதிகமாக அதிகமாக ஊதியமில்லாத நேரமும் அதிகமாகிறது.

1938இல் வந்த நியாயமான தொழில் தரச் சட்டத்தில் இன்னொரு ஓட்டையும் உண்டு. ஆண்டில் ஏழு மாதத்துக்கு மேல் இயங்காத பொழுதுபோக்கு நிறுவனங்களுக்குக் குறைந்தபட்ச ஊதியத்திலிருந்தும் மிகைநேர ஊதியத்திலிருந்தும் விலக்குக் கேட்க அது இடம் தருகிறது. கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியமோ 2009லிருந்து மணிக்கு 7.25 டாலரிலேயே நிற்கிறது. குளிரில் வேலை செய்வதற்கென்று கூட்டாட்சித் தொழிற்பாதுகாப்பு விதி தனியாக எதுவும் இல்லை. தெரிந்த ஆபத்துகளிலிருந்து ஆட்களைக் காக்க வேண்டும் என்ற 1970ஆம் ஆண்டின் பொதுக் கடமைதான் உண்டு. சில மாநிலங்கள் சற்று மேல். வேலைக்கு வரச்சொல்லிச் சீக்கிரமே திருப்பி அனுப்பினால் சில மணி நேர ஊதியத்தையாவது கொடுக்க வேண்டும் என்று நியூயார்க், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் விதி இருக்கிறது. நான் நின்ற மாநிலத்தில் அந்த அம்மாளுக்கு அது கிடைக்கவில்லை.

இனி 2024 ஜனவரிக்கு வருவோம். 13ஆம் தேதி கான்சாஸ் சிட்டியில் சீஃப்ஸ் அணியும் மயாமி டால்ஃபின்ஸ் அணியும் ஆடின. உறைநிலைக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸ்; காற்றையும் சேர்த்தால் உடம்புக்கு உறைப்பது 33 டிகிரிக் குளிர். அரை மணிக்குள் தோல் உறைந்துபோகக்கூடிய நிலை. ஓர் இணைய ஒளிபரப்பில் வந்த அந்த ஆட்டத்தின் உரிமைக்கு ஏறத்தாழ 11 கோடி டாலர் கொடுக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. சுமார் 2 கோடியே 30 லட்சம் பேர் பார்த்தார்கள். அன்று உலகம் சுற்றிய படங்கள் இரண்டு: பயிற்சியாளர் ஆண்டி ரீடின் பனி படிந்த மீசை, பேட்ரிக் மஹோம்ஸின் உடைந்த தலைக்கவசம். அந்தக் குளிரில் பாதிக்கப்பட்ட சிலருக்கு, ஆட்டம் பார்க்க வந்தவர்கள் உட்பட, விரல்களை அகற்ற வேண்டியிருந்ததாக மார்ச் மாதம் அந்நகர மருத்துவமனை ஒன்று தெரிவித்தது. செய்திகள் ரசிகர்களைப் பற்றிப் பேசின. ரசிகர்களுக்கு முன்பே வந்து அவர்கள் போன பிறகும் நின்ற வண்டி நிறுத்த ஊழியர், நுழைவுச்சீட்டு பார்ப்பவர், குப்பை பொறுக்குபவர் பற்றி அதே அக்கறையோடு யாரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. ரசிகருக்குப் பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். ஊழியர் போனால் அடுத்த ஆட்டத்துக்கு அழைப்பு வராது.

அதே வார இறுதியில் பஃபலோவில் பனிப்புயல். ஞாயிற்றுக்கிழமை நடக்கவேண்டிய பில்ஸ்–ஸ்டீலர்ஸ் ஆட்டம் திங்களுக்குத் தள்ளிப்போனது. உயிர்தான் முக்கியம் என்று தள்ளிவைத்தது சரியான முடிவுதான். அரங்கில் பனி அள்ள ஆட்கள் தேவை, மணிக்கு 20 டாலர், சாப்பாடும் உண்டு என்று அணி அறிவித்தது. அப்போது அந்தப் பகுதியில் குறைந்தபட்ச ஊதியம் 15 டாலர். இந்த அறிவிப்பை ஊடகங்கள் ஊர்ப்பற்றுத் திருவிழாவாகக் கொண்டாடின. எனக்கு அது ஓர் ஒப்புதல் வாக்குமூலமாகப் படுகிறது. குளிருக்கு விலை உண்டு என்பது நிர்வாகத்துக்குத் தெரியும். அவசரமாக ஆள் தேவைப்படும்போது, எல்லோர் கண்ணுக்கும் தெரியும் மண்வெட்டி வேலைக்கு அந்த விலை பேசப்படுகிறது. தட்டு கழுவும் வேலைக்கும் கழிப்பறை துடைக்கும் வேலைக்கும் ஏன் அப்படி ஒரு அறிவிப்பு வருவதில்லை என்பதுதான் நாம் கேட்க வேண்டியது.

"ஆண்டுக்கு எட்டு ஒன்பது ஆட்டம், கைச்செலவுக் காசுக்காக வருகிறார்கள், இதில் என்ன நியாய ஊதியம்" என்பார்கள். கைச்செலவுக் காசு என்ற சொல் பெண்களின் கூலியைக் குறைக்கப் பல தேசங்களில் பயன்பட்ட பழைய கருவி. 1938 சட்டம் வீட்டுப் பணியாளர்களை வெளியே நிறுத்தியபோது பின்னால் இருந்ததும் இந்த எண்ணம்தான். அவர்கள் உள்ளே வர 1974 ஆனது. இப்படிப் பல சில்லறை வேலைகளைத் தைத்துத்தான் ஒருவர் மாத வாடகை கட்டுகிறார். ஒவ்வொரு முதலாளியும் 'எங்களிடம் கொஞ்ச நேரம்தானே' என்று சொன்னால், முழுநேரமும் உழைப்பவருக்கு எங்கும் முழுக் கூலி கிடைக்காது.

இது மாறக்கூடியதுதான் என்பதற்குச் சான்று அரங்குக்குள்ளேயே இருக்கிறது. 2014இல் ஓக்லண்ட் அணியின் சியர்லீடர்கள் பயிற்சி நேரத்துக்குக் கூலியே இல்லை என்று வழக்குப் போட்டு 12.5 லட்சம் டாலர் உடன்பாட்டைப் பெற்றார்கள். பஃபலோ சியர்லீடர்களும் அதே ஆண்டு நீதிமன்றம் போனார்கள். அவர்களின் குழு செயல்படாமல் நின்றே போனது. அடுத்த ஆண்டு கலிஃபோர்னியா, தொழில்முறை அணிகளின் சியர்லீடர்களை ஊழியர்களாகவே நடத்த வேண்டும் என்று சட்டம் செய்தது. புன்னகையும் உழைப்பு என்பதைச் சட்டத்துக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அந்தப் பெண்கள்.

நம் பெண்ணியப் பேச்சிலும் ஒரு குறை இருக்கிறது. 2021இல் சாரா தாமஸ் சூப்பர் பவுல் ஆட்டத்தில் நடுவர் குழுவில் இடம்பெற்ற முதல் பெண் ஆனபோது மகிழ்ந்தோம். 2022இல் அமெரிக்கப் பெண்கள் கால்பந்து அணி சம ஊதியத்துக்காக 2.4 கோடி டாலர் உடன்பாட்டை வென்றபோதும் மகிழ்ந்தோம். மகிழத்தான் வேண்டும். ஆனால் மைதானத்துக்குள் நுழைந்த பெண்ணைப் பார்த்த நாம், மைதானத்தைச் சுற்றி ஏற்கெனவே நின்றிருந்த பெண்களைப் பார்க்கவில்லை. என்னைப் போன்ற தாய்மார்களின் இலவச உழைப்பு அவர்களின் கூலியை எப்படி அரிக்கிறது என்பதை அதைவிடவும் குறைவாகவே பேசியிருக்கிறோம். விசா எனக்குக் கூலியை மறுத்தது. மறுக்கப்பட்ட என் உழைப்பு அவர் கூலிக்குப் போட்டியாக நின்றது. எங்கள் இருவருக்கும் கிடைக்காத பணம் எங்கோ சேர்ந்தது.

கேட்க வேண்டியவை சிக்கலானவை அல்ல. வாசலில் வரிசையில் நின்ற நிமிடத்திலிருந்து நேரம் ஓட வேண்டும். ஆட்டம் தள்ளிப்போனாலும் கூட்டம் கலைந்தாலும் ஒத்துக்கொண்ட நேரத்துக்கு முழுச் சம்பளம் வேண்டும். குளிர் ஒரு அளவைத் தாண்டினால் கூடுதல் கூலியும், உள்ளே போய் உடம்பைச் சூடாக்கிக்கொள்ள ஊதியத்தோடு இடைவேளையும் வேண்டும். ஆட்டக்காரர்களின் பெஞ்சுக்குச் சூடு ஏற்றத் தெரிந்தவர்களுக்கு இது முடியாததல்ல. வர முடியாத நாளில் வரமாட்டேன் என்று சொன்னால் அடுத்த அழைப்பு நிற்கக் கூடாது. இலவசக் குழுக்களைச் சம்பளக்காரரின் இடத்தில் நிறுத்தக் கூடாது. பள்ளி பேண்டுக்குப் பணம் வேண்டுமென்றால் அதைக் கேட்க வேண்டிய இடம் பள்ளியும் அரசும்தான்.

விளையாட்டைப் பற்றி எழுதப்போகும் மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள். பனியில் நடக்கும் ஆட்டத்தின் காட்சி எப்போதாவது உங்கள் கைப்பேசியில் வரும். அப்போது பனி படிந்த மீசையைப் பார்த்து முடித்த பிறகு, படத்தின் ஓரத்தில் மஞ்சள் மேலங்கியோடு நிற்பவரையும் ஒரு நிமிடம் பாருங்கள். எத்தனை மணிக்கு அவர் வீட்டைவிட்டுக் கிளம்பியிருப்பார், எப்படித் திரும்புவார் என்று கேட்டு அங்கிருந்து எழுதத் தொடங்குங்கள்.